குளத்தில் பாய் விரித்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆடி மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் என்ற காரணத்தால், அவரைப் பற்றி எழுதித் தரும் பொறுப்பைக் குடும்பத்தார் தங்கையான என்னிடம் ஒப்படைத்தார்கள். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா, "நல்லதை மட்டும் எழுதும்மா" என்று சொல்லி அனுப்பினார். எழுதலாம். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரை அண்ணன் ஒருமுறையாவது குளத்துக்குள் கவிழ்த்திருக்கிறார். உங்களிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் நெல் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் வயலில் நிற்பார்கள், இல்லையென்றால் காக்கிச் சட்டையில் நிற்பார்கள். மூன்றாவதாக நிற்பதற்கு ஓர் இடம் உண்டு என்று யாரும் யோசித்ததில்லை. அண்ணனும் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் திருநெல்வேலிக்குப் போனார். மைதானத்தில் அன்று இரண்டு வரிசைகள். ஒன்று உச்சி வெயிலில் நின்றது, இன்னொன்று வேப்பமர நிழலில் நின்றது. அண்ணன் நிழலில் போய் நின்றார். மார்பளவு எடுத்து முடித்த பிறகுதான் அது கடற்படைக்கான வரிசை என்று தெரிந்ததாம். "அதுக்கப்புறம் வெயிலுக்குப் போக மனசு வரல" என்பார்.

வீட்டில் வந்து செய்தி சொன்னார். அப்பா அம்மாவிடம், "நம்ம ஊர்ல இருந்து கடலுக்கு எந்தப் பக்கம் பஸ்ஸு போகுது?" என்று மட்டும் கேட்டார்.

கடற்படையில் அண்ணனின் சேவை பற்றி உறவினர்களிடையே பல வீரக் கதைகள் உலவுகின்றன. அவற்றில் சில சித்தப்பா கட்டியவை. உண்மை இதுதான்: கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் அண்ணனுக்கு வாந்தி தொடங்கும், திரும்பத் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் நிற்கும். மருந்து, எலுமிச்சம்பழம், இஞ்சி, திருநீறு எல்லாம் பார்த்தாயிற்று. மேலதிகாரிகள் நல்லவர்கள். கடலுக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பாமல், கொச்சியில் காயல் ஓரமாக இருந்த பயிற்சிப் படகுகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். எஞ்சின் கிடையாது, துடுப்பும் கிடையாது, பாயில் காற்றை வாங்கிக்கொண்டு ஓடும் சின்னப் படகுகள். அலையில்லாத தண்ணீர் அண்ணனை ஒன்றும் செய்யவில்லை. அங்கே படகோட்டக் கற்றார், பிறகு கற்றுக்கொடுத்தார். சேவைக் காலம் முடியும்வரை அந்தக் காயலை விட்டு அவர் நகரவே இல்லை.

இடையில் திருமணம் நடந்தது. மதினிக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். அவர்களும் விவசாயக் குடும்பம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மதினியின் அப்பா, "மாப்பிள்ளைக்குக் கப்பல்ல என்ன வேலை?" என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன், "கப்பல்ல வேலை இல்ல மாமா. கப்பல்ல ஏறினா எனக்கு வாந்தி வரும். கரையில வேலை" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அண்ணனைத் திட்டினார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அங்கிருந்து சம்மதம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்காதவர் சின்ன விஷயத்தை மறைக்க மாட்டார் என்று நினைத்ததாக மதினி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஆண்டு, ஆனி மாதம், அண்ணன் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் போய் நின்றார். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று உங்களுக்குத் தெரியும். நமக்கு அது கொடியில் காயும் துணியைப் பக்கத்துத் தோப்பில் கொண்டுபோய்ப் போடும் காற்று. அண்ணனுக்கு அப்படித் தோன்றவில்லை. குளம் நிறைந்து கிடந்தது, காற்று ஒரே சீராக அடித்தது, அதை வாங்கிக்கொள்ள ஒரு பாய்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் மதினியிடம், "இப்படி ஒரு காத்துக்குக் கொச்சியில எத்தன நாள் தவம் கிடந்திருக்கோம் தெரியுமா? இங்கன சும்மா கெடக்கு" என்றார்.

ஒரு வாரத்தில் மாட்டுத் தொழுவத்தில் பிளைவுட் பலகை வந்து இறங்கியது. மாடுகள் வெளியே கட்டப்பட்டன. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், தான் செய்வது என்ன என்று கடைசிவரை முழுதாக நம்பாமலே அந்தப் படகைச் செய்து முடித்தார். பாய்க்குத்தான் துணி கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் சாரல் வலுத்தது. வைக்கோல் படப்பு நனைகிறதே என்று அப்பா மச்சில் ஏறித் தார்ப்பாயைத் தேடினார். காணவில்லை. தேடிக்கொண்டே குளத்தங்கரைக்கு வந்துவிட்டார். நானும் உடன் போனேன். குளத்தின் நடுவே ஏதோ ஒன்று நீல நிறத்தில் நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, அங்கன போறது நம்ம தார்ப்பாயா?"

"ஆமாப்பா."

"அதுக்குக் கீழ உக்காந்திருக்கது?"

"அண்ணன்."

அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். "படப்பு நனையுதுன்னு அவன்ட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "ஏட்டி, ரசம் வேணுமான்னு அவன்ட்ட கேளு" என்பார். அண்ணன், "வேண்டாம்னு அப்பாட்ட சொல்லு" என்பார். நான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. நான் தென்காசிக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் வாரக் கடைசியில் இந்த வேலைக்காகவே என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

குளத்தங்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு அண்ணன் பெயர்ப்பலகை வைத்தார். 'பாய்மரப் படகுப் பயிற்சிப் பள்ளி' என்று எழுதியிருந்தது. 'பாய்' என்ற சொல் மட்டும் பெரிதாக அமைந்துவிட்டதால் முதல் மாதம் முழுக்கக் கல்யாணத்துக்குப் பாய் வாங்குபவர்கள் வந்தார்கள். 'மரம்' என்பதைப் பார்த்து நிலைக்கதவுக்குத் தேக்கு கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். படகு ஓட்டப் படிக்க ஒருவரும் வரவில்லை.

சீசன் சூடுபிடித்ததும் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சுற்றுலாக் குடும்பங்கள் வந்தன. "ரவுண்டு அடிக்க எவ்வளவு சார்?" என்று கேட்பார்கள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும். "இங்க சவாரி கிடையாது. படிப்புதான்" என்று சொல்லி, அவர்களை வெயிலில் நிறுத்திக் காற்று எந்தத் திசையில் வந்தால் பாயை எப்படித் திருப்ப வேண்டும் என்று குச்சியால் மணலில் வரைந்து விளக்குவார். அவர் குனிந்து வரைந்து நிமிர்வதற்குள் அவர்கள் வேனில் ஏறியிருப்பார்கள்.

இதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதினிதான் பள்ளியைக் காப்பாற்றினார். "மொதல்ல ஆளப் படகுல ஏத்துங்க" என்றார். "நடுக்குளத்துக்குப் போயிட்டு அப்புறமா பாடத்த ஆரம்பிங்க. அங்கன இருந்து எறங்கி ஓட முடியாதுல்லா."

அண்ணன் இதைக் கடைப்பிடித்த நாளில் இருந்து பள்ளி வளர்ந்தது. ரவுண்டு அடிக்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டு கரைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் மறுநாளும் வந்தார்கள். மதுரையில் இருந்து வந்த ஒரு பல் மருத்துவர் அருவிக்கே போகாமல் நாலு நாளும் குளத்திலேயே கிடந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மதினி தையல் மெஷினில் நல்ல துணியில் பாய்கள் தைத்தார், சேர்க்கையைப் பார்த்தார், கரையில் விசிலோடு நின்றார். லீவு நாட்களில் நான் கயிற்றில் முடிச்சுப் போடும் வகுப்பு எடுத்தேன். அப்பாவின் தார்ப்பாய் கழுவி மடிக்கப்பட்டு மச்சுக்குத் திரும்பியது. அதைப் பற்றி அவர் என் மூலமாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனின் முதல் பாடம் கவிழ்வது. "கவுந்தாத்தான் பயம் போகும்" என்று சொல்லி லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, ஆள் தயாராவதற்குள் படகைச் சாய்த்துவிடுவார். சித்தப்பாவையும் விடவில்லை. தண்ணீரில் மிதந்தபடி சித்தப்பா, "ஒம்மேல கேஸ் போடுதேன் பாருலே" என்றார். அண்ணன், "போடுங்க சித்தப்பா. அதுக்கு முன்னால படக நிமித்தக் கத்துக்கிடுங்க" என்றார். சித்தப்பா கற்றுக்கொண்டார். கேஸ் இன்னும் போடவில்லை.

இனி நான் எழுதப்போவது, அண்ணனை அறிந்தவர்கள் பலரும் நேரில் பார்த்தது.

பள்ளி தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆண்டு சீசன் பொய்த்தது. காற்று மட்டும் பேயாக அடித்தது, சாரல் இல்லை. குளம் பாதிதான் கிடந்தது. கார் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் வயல்கள் வெடிக்கத் தொடங்கின. மடையைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் குளத்தில் படகு ஓடத் தண்ணீர் மிஞ்சாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கொச்சியில் இருந்து ஒரு படகுப் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு போட்டி போட வருவதாக இருந்தது. எங்கள் பள்ளியின் முதல் போட்டி அது. அதற்காக அண்ணன் ஒரு வருடமாக ஏற்பாடு செய்திருந்தார்.

குளத்துப் பாசன விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் எங்கள் அப்பா.

மடைப்பலகை கரையில் இருந்து தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே இருந்தது. வழக்கமாக நீந்திப் போய்த் திறக்கும் அண்ணாச்சி, கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பலகை வேறு இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். அந்தக் காற்றில் கடப்பாரையோடு நீந்த யாராலும் முடியாது. சங்கத்துக்காரர்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். அப்பா தென்னை மரத்தைப் பார்த்தபடி, "ஏட்டி, படகு வருமான்னு அவன்ட்ட கேளு" என்றார்.

அண்ணன் ஏதாவது சொல்லுவார், ஞாயிறு கழியட்டும் என்று கேட்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே, "வரும்னு சொல்லு. ஆனா பலகைய நெம்பத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வரணும்" என்றார்.

அது தெரிந்தவர் ஊரில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். அப்பா துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார்.

அந்தக் காற்றில் படகில் இருவர்தான் ஏற முடியும். கரையில் ஊரே நின்றது. காற்று எங்கள் பக்கமாக வீசியதால் அவர்கள் பேசியது அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது. படகு சாய்ந்தபடி ஓடத் தொடங்கியதும் அப்பா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏட்டி, அவன மெதுவாப் போகச் சொல்லு."

"அண்ணே, மெதுவாப் போகணுமாம்" என்று நானும் கத்தினேன். எதிர்காற்று என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. அப்பா காத்திருந்தார். படகு இன்னும் சாய்ந்தது.

"ஏலே" என்றார் அப்பா.

அண்ணன் திடுக்கிட்டுக் கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டார். படகு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"என்னப்பா?"

"மெதுவாப் போ."

"காத்துக்கிட்ட சொல்லுங்க."

"நான் ஒன்ட்ட சொல்லுதேன்லே."

அண்ணன் மெதுவாகக் கயிற்றை எடுத்தார். "சரிப்பா. இப்ப திரும்பப் போறோம். குனியுங்க."

"யாருக்கு?"

பாயின் அடியில் கட்டியிருக்கும் நீளக் கம்பு, படகு திரும்பும்போது ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வீசி வரும். அது அப்பாவின் தலைப்பாகையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த திருப்பத்தில் அப்பா சொல்வதற்கு முன்பே குனிந்தார்.

கல்தூணில் படகைக் கட்டியதும்தான் அண்ணனுக்குச் சோதனை வந்தது. குளத்தில் ஓடும் படகில் அவருக்கு ஒன்றும் செய்யாது. ஓரிடத்தில் நின்று ஆடினால் தாங்காது. அன்று குளத்தில் அலையே அடித்தது. அவர் ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தார்.

"என்னலே, கொளத்துலயுமா?" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு, கடப்பாரையை மடியில் கிடத்தி, ஒரு கையால் அண்ணனின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும்போது பிடிப்போமே, அப்படி. நரைத்த தலை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. மதினி விசிலை வாயில் இருந்து எடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவருமாகச் சேர்ந்து நெம்பினார்கள். பலகை அசைந்தது. கரைக்கு மறுபுறம் வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சங்கத்துக்காரர்கள் வயல்களைப் பார்த்து ஓடினார்கள்.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார், "ஞாயித்துக்கெழம அவனுக வாறானுகளே, என்ன செய்யப் போற?"

"சோறு போடுவோம்பா."

அப்படியே நடந்தது. கொச்சிப் பிள்ளைகள் வந்தபோது குளத்தில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. மதினி கல்யாணச் சமையல் மாதிரி செய்து போட்டார். சாப்பாடு முடிந்ததும் அப்பா அந்தப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போய், தனக்குத் தெரிந்த செங்கோட்டை மலையாளத்தில், "நிங்கள் ஓட்டண்ட வெள்ளம் இதாக்கும்" என்று பச்சைப் பயிரைக் காட்டினார். நீங்கள் படகு ஓட்ட வேண்டிய தண்ணீர் இங்கேதான் நிற்கிறது என்று சொன்னதாக அவர் நினைப்பு. அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எல்லோரும் கைதட்டினார்கள். அறுவடை முடிந்ததும், மடையில் நீர்மட்டம் பார்க்கும் கல்லுக்கு மேலே தண்ணீர் நிற்கும் காலம் முழுக்கப் படகுப் பள்ளி நடத்தலாம் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் அப்பா. மறுவருடம் போட்டி நடந்தது. எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். காற்று சரியில்லை என்று அப்பா சொன்னார். அவர் காலமாகும்வரை மாலையில் ஒரு சுற்றுப் படகில் போகாத நாள் குறைவு. எப்படி ஓட்ட வேண்டும் என்று வழி முழுக்க அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே மகள், கனி. நடக்கத் தொடங்கிய வயதிலேயே சுக்கானைப் பிடித்தவள். அவள் மாநிலப் போட்டிக்குச் சென்னையில் கடலில் ஓட்டியபோது அண்ணன் கரையில் நின்று பார்த்தார். அலையில் அவள் படகு ஏறி இறங்குவதைப் பார்த்தே அவருக்கு வாந்தி வந்துவிட்டது. அவள் மூன்றாவதாக வந்தாள் என்பதை ஒரு சோடாக் கடையில் படுத்துக்கொண்டுதான் கேட்டார். படித்து முடித்த அவள் சென்னையிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சென்ற ஆண்டு அண்ணனின் இருதயம் பலவீனமடைந்து, தென்காசியில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒருநாள் செவிலியரிடம், "சிஸ்டர், ஃபேன நிப்பாட்டுங்க. வெளிய காத்து எந்தப் பக்கம்னு தெரிய மாட்டேங்குது" என்றார்.

"இங்க படுத்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு சார் அது?"

"எனக்கு இல்லம்மா. பிள்ளைக இப்ப கொளத்துல இருக்கும்."

அந்தப் பெண் ஃபேனை அணைத்துவிட்டு, தானே வெளியே போய்ப் பார்த்துவந்து சொன்னாள். மறுநாளில் இருந்து கேட்காமலே சொன்னாள்.

கடைசி நாள் மதியம் மதினியிடம், "படகுக்கு அடியில கட்டை வச்சிட்டியா?" என்று கேட்டார். "வச்சாச்சு" என்றார் மதினி. "ஈரம் படாம இருக்கணும்" என்றார். "வச்சாச்சுங்க. நீங்க தூங்குங்க." தூங்கினார். எழுந்திருக்கவில்லை.

அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த மதினி நிமிர்ந்து, "உசுரோட இருக்கையிலயே கடல் அவுகளுக்கு ஒத்துக்கிடல. இப்ப எதுக்கு?" என்றார். அத்தனை துக்கத்திலும் வீட்டில் சிரிப்பு எழுந்தது. அண்ணனைச் சிற்றாற்றில் கரைத்தோம். அது தாமிரபரணியில் சேரும், தாமிரபரணி கடலில் சேரும். அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளியை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மதினியைக் காணாமல் தேடினோம். கொட்டகையின் பூட்டைத் திறந்து படகுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக வந்து நிக்குதுக. என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்றார். துக்கத்துக்கு வந்திருந்த கனி, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தாள்.

எங்கள் துயரத்தில் பங்குகொண்டு தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அண்ணனைத் தன் சொந்தக்காரரைப் போலப் பார்த்துக்கொண்ட அந்தச் செவிலியருக்கு நன்றி. இறுதி ஊர்வலத்தில் பாய்மரக் கம்புகளைத் தோளில் தூக்கி வந்த மாணவர்களுக்கு நன்றி. பாசனச் சங்கத்தாருக்கும், படகுகளால் மீன் மிரளுகிறது என்று ஆண்டுதோறும் புகார் சொல்லிக்கொண்டே ஆண்டுதோறும் எங்களுக்கு மீன் கொடுத்தனுப்பும் குளத்துக் குத்தகைக்கார அண்ணாச்சிக்கும் நன்றி. இதை வாசித்துக் காட்டியபோது, "ரொம்ப நல்லவருன்னே எழுதியிருக்கீங்க. காலையில படகு கழுவக் கூப்பிட்டா வரமாட்டாருன்னும் சேத்துக்கிடுங்க" என்று திருத்திய மதினிக்கு நன்றி. சேர்த்துவிட்டேன்.

கனிக்கு அவசர விடுப்புக் கொடுத்த சென்னைக் கம்பெனியின் மேலாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவள் கேட்டது ஒரு வார லீவு, ஆகியிருப்பது ஓராண்டு. இதை எழுதும் இந்த நேரம் அவள் நடுக்குளத்தில், இறங்கி ஓட முடியாத நாலு பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். மேலாளர் ஐயா இனி அவளை எதிர்பார்க்க வேண்டாம்.